ஏழாவது சத்தியத்துக்குப் பிறகு

என் மகளை ஏழு முறை மலைக்கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். கற்பூரம் ஏற்றி, "இனிமே யார் மேலயும் கை ஓங்க மாட்டேன், எங்கம்மா மேல சத்தியம்" என்று சொல்லவைத்து, எரிகிற கற்பூரத்தை அவள் உள்ளங்கையாலேயே அடித்து அணைக்கச் செய்வேன். எங்கள் தெருவில் குடிகாரக் கணவர்களுக்குச் செய்கிற வைத்தியம் அது. எனக்கு அதைவிடப் பெரிய வைத்தியம் தெரியாது.

ஏழில் ஒன்றுகூட நிலைக்கவில்லை. அதிகபட்சம் பதினோரு நாள் தாங்கியது.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. கோபம் வந்தால் கையில் கிடைத்தது பறக்கும். என் தையல் கடை வீட்டின் முன்னறைதான் என்பதால் கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி எல்லாம் பறந்திருக்கின்றன. ஏழாவது சத்தியம் முறிந்த அன்று கூடப் படிக்கும் பெண்ணின் தலையைப் பெஞ்சில் மோதிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு மூன்று தையல். தலைமையாசிரியை என்னை நிற்கவைத்தே சொன்னார்: "இன்னொரு தடவை நடந்தா டி.சி. குடுத்துடுவேங்க. பரீட்சைகூட எழுத முடியாது." போகும்போது, அரசு ஆஸ்பத்திரியில் புதன்கிழமை மனநல ஆலோசகர் வருகிறார், ஒருமுறை பாருங்கள் என்றும் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எம் பொண்ணு இன்னா பைத்தியமா?" என்று வீட்டில் கத்தினேன். ஷேர் ஆட்டோ ஓட்டும் என் கணவர் சோற்றிலிருந்து தலை தூக்காமலே, "போய்த்தான் பாரேன். போனா இன்னா, தேஞ்சா போயிடுவே?" என்றார்.

ஆலோசகர் என் தையல் மெஷினைவிட வயதில் சின்னவர். இந்தப் பெண்ணா என் மகளைத் திருத்தப்போகிறது என்று நினைத்துக்கொண்டே அரைமணி நேரம் புகார் படித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் அவ செஞ்சதும்மா. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்னங்க நடந்துச்சு?" என்றார்.

யார் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

"நீங்க டெய்லராச்சே. அளவெடுக்காம துணிய வெட்டுவீங்களா?" என்றார். கோபம் வந்தது. கூடவே உறைக்கவும் செய்தது.

ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் எழுதச் சொன்னார்: முன்னால் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், பிறகு நான் என்ன செய்தேன். தனி நோட்டுக்கு எங்கே போவது? அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினேன். மூன்று வாரம் கழித்து அதை அவர் என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். நாலாவது குறிப்பிலேயே என் குரல் இறங்கிவிட்டது. எல்லாவற்றிலும் 'முன்னால்' என்ற இடத்தில் ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். ஒரு குறிப்பு இப்படி: பொதட்டூர்பேட்டை அக்கா ஜாக்கெட் வாங்க வந்தார். அவரிடம், என் பெண்ணுக்குச் சோறு போடுவதே தெண்டம் என்றேன். அரைமணியில் கத்தரிக்கோல் சுவரில். கொக்கி மாட்ட வந்தவர், ஃபால்ஸ் தைக்க வந்தவர் என்று எல்லோரிடமும் என் மகளின் கதையைச் சொல்லியிருக்கிறேன். பாரம் குறைகிறது என்று நினைத்துச் சொன்னேன். உள்ளறையில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தலையில் தையல் போட்ட பெண்ணின் அம்மாவும் என் வாடிக்கையாளர்தான். நான் சொன்னதைத்தான் அந்தப் பெண் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அடுத்த புதன்கிழமை மகளையும் கூட்டிப்போனேன். அவளிடம் தனியாகப் பேசிவிட்டு, அவள் சம்மதித்த பிறகு, ஆலோசகர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்கம்மா மேல ஏழு வாட்டி சத்தியம் பண்ணி ஏழு வாட்டியும் உடைச்சிட்டேன். அதனாலதான் அம்மாவுக்கு சக்கரை நோய் வந்துச்சு. இன்னும் இன்னா வருமோன்னு பாத்துகினே கீறேன். இனிமே நான் நல்லா இருந்து இன்னா ஆவப்போவுது?"

கொழுப்பு எடுத்து ஆடுகிறாள் என்று நான் நினைத்தவள், அம்மாவைத் தானே கொன்றுகொண்டிருப்பதாக நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மறுநாளே எட்டாவது முறையாக மலைக்குப் போனோம். கற்பூரம் வாங்கவில்லை. சன்னதியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்: "அந்த ஏழு சத்தியமும் நான் மிரட்டி வாங்கினது. இவளுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. எங்கப்பாவுக்குச் சக்கரை, எங்கக்காவுக்குச் சக்கரை, எனக்கும் வந்துச்சு." பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுத அழுகையில் என் புடவை நனைந்துவிட்டது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அதற்குப் பிறகும் ஒரு கண்ணாடி உடைந்தது. ஆலோசகர் சொன்னபடி, அவள் கொதிக்கும்போது புத்தி சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். ஆறிய பிறகு இருவருமாகப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கி மாட்டினோம். அவள் கோபத்தை அடக்கிக்கொண்ட நேரத்தில், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிப் பாராட்ட வேண்டுமாம். "அடிச்சவளுக்குப் பாராட்டா?" என்று எகிறினேன். "அடிச்சதுக்கு இல்லம்மா. அடிக்காம நின்னதுக்கு" என்றார்.

பள்ளிக்கும் ஒரு ஏற்பாடு செய்தார். தலைமையாசிரியை முதலில் முகம் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார். என் கடையிலிருந்து, மெஷினில் நூல் சுற்றுகிற ஒரு காலி பாபின் மகளின் பென்சில் பெட்டியில் இருக்கும். கோபம் ஏறினால் அதை ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது பள்ளியிலிருந்து போன் வந்தது. உடனே வாருங்கள் என்றார்கள். டி.சி.தான் என்று முடிவுகட்டிக்கொண்டு, பாதி தைத்த ஜாக்கெட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினேன். தலைமையாசிரியையின் மேசை மேல் அந்த பாபின் இருந்தது.

"அதே பொண்ணு இன்னைக்கும் என்னமோ சொல்லியிருக்கா. உங்க மக எழுந்து வந்து இதை வச்சிட்டு வெளிய போனா. அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்து கணக்குப் போட உட்கார்ந்துட்டா. இதை நேர்ல சொல்லணும்னுதான் கூப்பிட்டேங்க."

அந்தப் பள்ளி என்னை ஒரு நல்ல செய்திக்காகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஆங்?" என்று கத்திவிட்டேன். பியூன் எட்டிப் பார்த்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். என்னால் உட்கார முடியவில்லை, அங்கேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது.

அவள் பரீட்சை எழுதினாள், தேறினாள். இப்போது அதே பள்ளியில் பிளஸ் ஒன்.

போன வாரம் ஒரு வாடிக்கையாளர், "பொண்ணு எப்பிடிக்கீது?" என்று கேட்டார். அன்று காலையில்தான் அவள் கதவை அறைந்து சாத்தியிருந்தாள். பழைய கதை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "நல்லாக்கீறா. கழுத்து இறக்கம் எவ்ளோ வைக்கட்டும்?" என்றேன்.

அவர் போனதும் மகள் உள்ளேயிருந்து வந்து மெஷின் பக்கத்தில் நின்றாள்.

"என்னைப் பத்தி சொல்ல வந்துட்டு நிறுத்திகினே. நான் பாத்தேன்" என்றாள். "சூப்பர்மா."

ஆலோசகர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாராட்டு. பார்த்ததைப் பார்த்தபடி. நான் சிரித்த சிரிப்பு தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டு வரை கேட்டதாக என் கணவர் பிறகு சொன்னார்.