கண் டாக்டரின் அக்கா

இன்பமணி டீச்சருக்கு வாய் நீளம் என்று பாளையங்கோட்டையில் யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பால்காரர் முதல் போதகர் வரை எல்லோரும் ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். பிரசங்கம் நீண்டால் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்ப்பார், ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று. அவர் பட்ட கோபமெல்லாம் நியாயமான கோபம் என்று சொல்லிவிட முடியாது. பாதி வெறும் கொழுப்பு. ஆனால் தம்பி ரிச்சர்டோடு அவர் போட்ட சண்டை அந்தப் பாதியில் சேராது.

ரிச்சர்ட் கண் டாக்டர். சொந்த ஆஸ்பத்திரி, முகாமுக்குப் போக இரண்டு வேன், சுவர் நிறையக் கேடயங்கள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காதான். அதனால் நோயாளிகள் நிறைந்த வராந்தாவில் வைத்தும் "ஏலே, சாப்பிட்டியா லே?" என்று கேட்கிற உரிமை டீச்சருக்கு இருந்தது. ரிச்சர்டுக்கு அது பிடிக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சாப்பிட்டேன்க்கா" என்பார்.

டீச்சர் பதினாறு வருடம் நைஜீரியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கணவரும் அங்கேயே வாத்தியார். அவருக்கு நெஞ்சுவலி வந்த சமயத்தில் அந்த ஊர் அரசாங்க டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கையுறை கிடையாது, மருந்து கிடையாது, கரண்ட் போனால் மெழுகுவர்த்தி. சம்பளம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியிருந்தும், "வாத்தியாருக்கு முடியவில்லை" என்று கேட்டதும் மூன்று பேர் ஓடிவந்து விடியும்வரை பக்கத்திலேயே நின்றார்கள். கணவர் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுவாரம், அந்த டாக்டர்கள் சாலையோரத்தில் அட்டை பிடித்து நின்றபோது, டீச்சரும் வெள்ளைச் சேலையோடு போய் ஒரு அட்டையை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ அந்நிய நாட்டுக்காரி, உனக்கு எதற்கு இந்த வேலை என்று தலைமையாசிரியர் கேட்டார். கேட்டவருக்கு அவருடைய மொழியிலேயே நல்ல பதில் கிடைத்தது.

1991இல் டீச்சர் ஊர் திரும்பினார். மூன்று வருடம் கழித்து அவருடைய பழைய மாணவன் எமெக்கா பின்னாலேயே வந்து சேர்ந்தான். டாக்டருக்குப் படித்து முடித்திருந்தான். கண்புரை அறுவை கற்றுக்கொண்டு போனால் தன் ஊர்ப்பக்கம் நூற்றுக்கணக்கான பேருக்குப் பார்வை கிடைக்கும் என்பது அவன் கணக்கு. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று நைஜீரிய டாக்டர்களை வருடத்துக்கு ஒருவராக ரிச்சர்டிடம் பயிற்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. "என் தம்பி ஆஸ்பத்திரிதான், தைரியமா வா" என்று சொன்னதே டீச்சர்தான்.

அவன் வந்து எட்டு மாதம் ஆயிற்று. ஒரு கண்ணில்கூட அவனைக் கத்தி வைக்க விடவில்லை.

கிழக்கு வெளுக்குமுன் வேனில் ஏற வேண்டும். இன்றைக்கு ஏரல், நாளைக்கு ஆழ்வார்திருநகரி என்று பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து டார்ச் அடித்துக் கண் பார்க்க வேண்டும். புரை விழுந்தவர்களைக் கைபிடித்து வேனில் ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி அவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டு, நேற்று அறுத்தவர்களுக்குக் கட்டு மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் இதே பாடுதான். அறுவை அறையில் அவனுக்குக் கிடைத்த இடம் கதவோரம். உள்ளூர்ப் பயிற்சி டாக்டர்களுக்கோ நான்காம் மாதமே கத்தி கைக்கு வந்துவிடும். எமெக்கா கறிக்கடையில் ஆட்டுக் கண் வாங்கிவந்து, பழைய மெத்தைகள் அடுக்கிய ஸ்டோர் ரூமில், அதுதான் அவன் தங்குமிடம், அறுத்தும் தைத்தும் தானே பழகிக்கொண்டான். அவனுக்கு முன்னால் வந்த இரண்டு நைஜீரியர்களும் ஆட்டுக் கண்ணோடு திரும்பியவர்கள்தான். டீச்சரிடம் அவன் இதையெல்லாம் சொல்லவில்லை. டீச்சரின் தம்பியைப் பற்றி டீச்சரிடமே எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தான்.

குட்டு உடைந்தது, 'டேய்' என்பதற்கு நெல்லைப் பக்கம் சொல்கிற 'லே' என்ற ஒற்றை எழுத்தால்.

ஆஸ்பத்திரியில் எமெக்காவை யாரும் டாக்டர் என்று கூப்பிட்டதில்லை. ரிச்சர்டுக்கும் அவன் 'லே', மேனேஜர் ஞானசம்பந்தனுக்கும் 'லே', வேன் டிரைவருக்கும் 'லே'. "ஏலே, அந்தப் பெட்டியத் தூக்கி வை." "லே, கெழவிய எறக்கி விடு." அவனுக்கு எங்கே புரியப் போகிறது என்ற துணிச்சல். அவனோ கூர்மையான பையன். காதில் விழுந்ததை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தான். டீச்சர் தன் தம்பியை எத்தனை பிரியமாக 'லே' என்கிறார்! நம்மையும் எல்லோரும் அப்படியே கூப்பிடுகிறார்கள். ஆகவே தமிழில் டாக்டர்களை மரியாதையும் பிரியமுமாக அழைக்கிற சொல் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டான்.

பேட்டையில் பட்டறை வைத்திருந்த அசன் மைதீன் அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்கு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்தார். அதற்கு ஒரு விழா. ஊர்ப் பெரியவர்கள் நாற்காலி நிறைய உட்கார்ந்திருக்க, மாலையும் கையுமாக ரிச்சர்ட் உள்ளே நுழைந்தார். வரவேற்க நின்ற எமெக்கா அவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, பாடம்பண்ணி வைத்திருந்த தமிழை எடுத்துவிட்டான்.

"வாங்க லே! உக்காருங்க லே!"

முதலில் அசன் மைதீன் அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். கூடவே மொத்தக் கூட்டமும் சிரித்தது. ரிச்சர்டின் முகம் செத்துப் போயிற்று. விழா முடிந்த கையோடு, மறுநாள் எல்லா ஊழியர்கள் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அன்று சாயங்காலம் எமெக்கா டீச்சர் வீட்டுக்கு வந்து, "மேடம், அந்தச் சொல்லில் என்ன தப்பு?" என்று கேட்டான். யார் யார் உன்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று டீச்சர் கேட்டார். ஒவ்வொருவராக அவன் சொல்லி முடித்ததும், அந்தச் சொல்லின் அர்த்தத்தை டீச்சர் அவனுக்குச் சொன்னார். கத்தி, கதவோரம், ஸ்டோர் ரூம் என்று எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

மறுநாள் ஊழியர் கூட்டத்தில், யாரும் கூப்பிடாமலே டீச்சர் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். எமெக்கா எழுந்து ஒளிவுமறைவில்லாமல் மன்னிப்புக் கேட்டான். கேட்டு முடித்ததும் டீச்சர் எழுந்தார்.

"அவன் கேட்டாச்சி. இனி நீ கேளு லே."

"அக்கா, இது ஆஸ்பத்திரி. வீட்டுச் சண்டைய இங்கன இழுக்காத."

"வீட்டுச் சண்டையா? ஒரு டாக்டரக் கூட்டியாந்து சுமட்டுக்காரன் வேலை வாங்குத. வாய்க்கு வாய் லேன்னு கூப்பிடுத. அதே சொல்ல அவன் திருப்பிக் குடுத்தா ஒனக்கு எரியுது. எரியுதுல்லா? எட்டு மாசமா அவனுக்கு எரியலியா?"

"அவனுக்கு அர்த்தமே தெரியாதுக்கா."

"ஒனக்குத் தெரியும்லா!"

ஞானசம்பந்தன் தலையைக் குனிந்துகொண்டார். ரிச்சர்டுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "கத்திய இன்னிக்கே குடுக்கேன். இவன் கையில கண்ணக் குடுக்க இந்த ஜில்லாவுல எவன் இருக்கான்? ஒரு ஆளக் கொண்டா பாப்போம்!"

"நான் இருக்கேன். என் வலது கண்ணு மங்கி ஆறு மாசமாச்சு. நாளைக்கே படுக்கேன்."

அக்காவின் கண் மங்குவதே ரிச்சர்டுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் எமெக்கா எழுந்து நின்று, "முடியாது மேடம்" என்றான்.

"ஏன், கை நடுங்குதா?"

"இல்லை. உங்கள் கண்ணை அறுத்தால் நான் கற்றுக்கொள்வேன். எனக்கு அடுத்து வருகிறவன் என்ன செய்வான்? அவனுக்கு இந்த ஊரில் அக்கா கிடையாதே. உள்ளூர்க்காரனுக்கு என்ன முறையோ எங்களுக்கும் அதே முறை என்று எழுதி வைக்கட்டும். தயவு வேண்டாம்."

எழுதி வைக்க ரிச்சர்ட் மறுத்தார். என் ஆஸ்பத்திரியில் எவன் சட்டம் போடுவது என்பது அவர் கேள்வி. மிச்சமிருந்த மாதங்களையும் வேனிலேயே கழித்துவிட்டு எமெக்கா ஊருக்குப் போனான். ரயில் ஏற்றிவிட்டு வந்த டீச்சர் இரண்டு நாள் யாரையும் திட்டவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் காய்ச்சலோ என்று பயந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் டீச்சர் ஒரு முடிவுக்கு வந்தார். எமெக்கா கேட்ட முறையை ரிச்சர்ட் எழுதிப் போடுகிறவரை வலது கண்ணில் யாரையும் கைவைக்க விடுவதில்லை. அதோடு விட்டாரா? தினமும் காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு தம்பி ஆஸ்பத்திரிக்குப் போய், வெளிநோயாளிகள் பெஞ்சில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்தார்.

முதல் வருடம் பெரிதாக எவரும் கவனிக்கவில்லை. இரண்டாம் வருடம் புரை முற்றி, கண் பாப்பா வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் விடுவார்களா?

"என்ன டீச்சர், டாக்டர் ஒங்க தம்பியாம்லா? பின்ன ஏன் இப்பிடி வச்சிக்கிட்டுத் திரியுதீய?"

"எல்லாரும் ஒரே முறைன்னு அவன் எழுதிப் போடட்டும், அறுத்துக்கிடுதேன்" என்று ஆரம்பித்து எமெக்காவின் கதை முழுவதையும் சொல்வார். ஏரலுக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் அந்தக் கதை வேன் ஏறிப் போயிற்று. கூடப் பிறந்தவள் கண்ணையே பார்க்காதவன் ஊரான் கண்ணையா பார்க்கப் போகிறான் என்று முகாமில் சிலர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அசன் மைதீன் அண்ணாச்சி ஒருநாள் வந்து, "என்ன டாக்டரே, வாசல்லயே ஒம்ம மானம் உக்காந்திருக்கே வே!" என்று சொல்லிவிட்டுப் போனார். ரிச்சர்ட் கெஞ்சினார், கத்தினார், அக்கா வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வருவதை நிறுத்தினார். எழுத மட்டும் மாட்டேன் என்றார். அக்காவின் பிடிவாதத்தில் பாதி தம்பிக்கும் இருந்தது, வளர்த்தவள் அவள்தானே.

1996 கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீச்சரின் கண் சிவந்து வீங்கியது. தலையைப் பிளக்கிற வலி. வாந்தி. யாரிடமும் சொல்லாமல் போர்த்திப் படுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை பெஞ்சு காலியாக இருப்பதைப் பார்த்த ரிச்சர்ட் வீட்டுக்கு ஓடிவந்தார். கண்ணைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. முற்றிய புரை பொங்கிக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது. தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி, "அக்கா, இப்பவே அறுக்கணும், வா" என்றார்.

"எழுதிட்டியா?"

"செத்துப் போற வலியில கெடக்க, இப்பவும் அதே பேச்சா?"

"எழுதிட்டியா லே?"

ரிச்சர்ட் கேவிக் கேவி அழுதுகொண்டே ஒரு தாளில் எழுதினார். பயிற்சிக்கு வருகிறவர் எந்த நாட்டுக்காரர் ஆனாலும் நான்காம் மாதம் முதல் அறுவை உண்டு, வாரம் ஒருநாள் ஓய்வு உண்டு, அறை உண்டு. அதை அறுவை அறைக் கதவில் ஒட்டச் சொல்லி டீச்சர் இடது கண்ணால் ஒருமுறை வாசித்தார். அந்த வருடம் வந்திருந்த நைஜீரிய டாக்டர் ஹலீமா கதவோரம் நின்றிருந்தாள். அவளுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

"அப்பம் முதல்ல இந்தப் பிள்ளைக்கு மேசையப் போடு. நீ பக்கத்துல நின்னு சொல்லிக்குடு. என் கண்ணு கோளாறான கண்ணு, அத அவ தலையில கட்டாத. நல்ல லேசான புரையாப் பாத்துக் குடு. அவ முடிச்ச பொறவு நீ என்ன அறு."

ரிச்சர்ட் சத்தம் போட்டுப் பார்த்தும் பலனில்லை. அன்று ஏரலிலிருந்து வந்திருந்த பேச்சித்தாயிடம் போய் ஹலீமாவைக் காட்டிக் கேட்டார்கள். "எந்த ஊரு டாக்டரா இருந்தா என்ன தாயி, பைய அறுத்தாச் சரி" என்று பேச்சித்தாய் படுத்துக்கொண்டாள். ரிச்சர்ட் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். டீச்சர் வெளியே பெஞ்சில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஹலீமா முடித்துவிட்டு வந்து டீச்சரின் கையைப் பிடித்தாள். அதன் பிறகுதான் டீச்சர் உள்ளே போனார்.

மறுநாள் காலையில் இரண்டு பேருக்கும் கட்டுப் பிரித்தார்கள். பேச்சித்தாய், எதிரே நின்ற ஹலீமாவின் காதுத் தோடு முதற்கொண்டு பார்த்துச் சொல்லிவிட்டாள். ரிச்சர்ட் அக்காவின் முன்னால் குனிந்து டார்ச் அடித்தார்.

"வெளிச்சம் தெரியுதாக்கா?"

"தெரியல."

டார்ச்சை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். மேலே, கீழே, பக்கவாட்டில் என்று காட்டிப் பார்த்தார். டீச்சர் இல்லை என்று தலையை ஆட்டினார். ரிச்சர்ட் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு நாளைக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லியிருந்தா காப்பாத்தியிருப்பேனேக்கா."

"ரெண்டு வருசத்துக்கு முன்னால எமெக்கா கையில நீ கத்தியக் குடுத்திருக்கணும் லே" என்றார் டீச்சர்.