கமறியா வாய் திறந்த வழி

என்ட மச்சி கமறியாவோட சுனைக்கு நடக்கிறதெண்டால் ரெண்டு காதையும் வீட்டில கழட்டி வச்சிட்டுத்தான் போகணும். குளக்கட்டில தொடங்குற வாய், மொட்டைப்பாறைக்கு மேல போய்த் தண்ணி குடிக்கத்தான் ஓயும். மீன் விலை, பக்கத்து வீட்டுக் கோழி, தன்ட பெரிய மகள்ட பள்ளிக்கூடம், எல்லாம் வரும். எனக்கு எரிச்சல் எரிச்சலா வரும். ஆனாலும் "வாயை மூடுங்க மச்சி" எண்டு நான் சொல்லமாட்டேன். எங்கட கரையில இப்ப ஒருத்தரும் அதைச் சொல்றதில்ல.

கமறியா என்ட கூடப்பிறந்த நானா முத்தலிபுட பெண்சாதி. நானா கடல் தொழில். கச்சான் காத்து தொடங்கினால் கடல் அடிக்கும், வள்ளம் இறக்க ஏலாது. அந்த மாசங்களில பாலைப்பழம் பழுக்கும். எங்கட ஆக்கள் சாக்கும் கோடாலியும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவாங்க. பழக்காட்டுக்கு நடுவில இருக்கிற சுனைக்குப் போற வழி பெரிய கஷ்டமில்ல. குளக்கட்டைத் தாண்டி, காஞ்சு கிடக்கிற ஆத்துமணலைக் கடந்து, கடைசியில கொஞ்சத் தூரம் பாறையில ஏறினால் சரி, கிழடுகட்டையும் ஏறும். கஷ்டம் கரடிதான். பாலைப்பழம் எண்டால் அதுக்கும் உசிர்.

அதனால நடக்கிறதுக்கு ஒரு முறை வச்சிருக்கிறோம். முன்னுக்குப் போறவர் வழியைப் பார்க்கணும். பின்னுக்குப் போறவர் கோடாலியைத் தோளில போட்டுக்கொண்டு, வாய் ஓயாம கதைச்சுக்கொண்டு வரணும். மனிசச் சத்தம் கேட்டால் கரடி தானா விலகிப்போகும். சத்தமில்லாமக் கிட்டப் போய் முட்டினால்தான் பயந்து மேல பாயும்.

நானாவைப் பற்றியும் சொல்லணும். கடலில நல்ல கெட்டிக்காரன், தொழுகை விடமாட்டார், வீட்டுக்கு வந்தால் பெண்சாதிக்கு அடிப்பார். என்ட கூடப்பிறந்தவர்தான், அதுக்காக மூடி மறைக்க நான் தயாரில்ல. சோறு குழைஞ்சால் அடி, மீன் விலை விழுந்தால் அடி. மச்சி அழுறது வேலிக்கு இங்கால கேட்கும், கொஞ்ச நேரத்தில மீன் கழுவுற சத்தம் கேட்கும்.

போன வருசம் பழக்காலத்தில ஒருநாள் காலையில நடந்தது இதுதான். கருவாடு எடுக்க மீன் வேன் கொண்டு வந்த பாயிஸ் ஏதோ சொல்ல, மச்சி சிரிச்சிட்டா. வேன் திரும்பிப் போகும் வரைக்கும் நானா பொறுத்துக்கொண்டு நிண்டார். பிறகு நனைஞ்ச கயித்தை ரெண்டா மடிச்சு முதுகிலயும் காலிலயும் விளாசித் தள்ளினார். "இண்டைக்கு உன்ட வாயில இருந்து ஒரு சொல் வந்தால் பல்லைக் கழட்டிக் கையில தருவேன்" எண்டார். சொல்லிப்போட்டு, அதே வாயால பழத்துக்குப் போக வரச்சொன்னார்.

ரெண்டு பேரும் வெளிக்கிட்டாங்க. நானா முன்னுக்கு, மச்சி கோடாலியோட பின்னுக்கு. ஒரு சத்தமில்ல. அந்தக் காட்டில பிறந்து வளர்ந்த மனிசன், பெண்சாதியோட கோவிச்சுக்கொண்டு கரடிக்காட்டில ஊமையாப் போறார். இதை என்னெண்டு சொல்றது.

ஆத்துமணலில மச்சி கண்டா. புதுசாக் கிடந்த கரடிப் பீ, முழுக்கப் பாலைக்கொட்டை, ஈரம் காயல்ல. நானா இருந்த கோபத்தில அதைத் தாண்டிப் போயிட்டார். மச்சி சொல்ல வாய் திறந்தா. முதுகு எரிஞ்சது. நீங்கதானே கதைக்க வேணாம் எண்டீங்க, போங்க எண்டு நினைச்சுக்கொண்டு வாயை மூடினா. இதை எனக்குச் சொன்னது அவவேதான், ஒளிக்கல்ல.

சுனை பாறைக்கு நடுவில ஒரு கிண்ணம் மாதிரி. கோடையிலயும் தண்ணி நிக்கும். நானா குந்தி ரெண்டு கையாலயும் தண்ணி அள்ளினார். பாறைக்கு மற்றப் பக்கம் கரடி படுத்துக் கிடந்திருக்கு. எழும்பினது தெரியும், நானா மல்லாக்க விழுந்தது தெரியும், நடுவில என்ன நடந்ததெண்டு மச்சிக்கே தெரியாது. முதல் அறையில நெத்தித்தோல் உரிஞ்சு வந்திட்டுது. ரெண்டாவதில வலது கண் போச்சுது. பிறகு கையைக் கவ்விக்கொண்டு, நாய் துணியை உதறுற மாதிரி உதறிச்சு. எலும்பு முறிஞ்ச சத்தம் கேட்டதாம்.

மச்சி ஒரு மூச்சு நேரம் சும்மா நிண்டா. அதையும் அவ ஒளிக்கல்ல. "கயித்தை நினைச்சுத்தான் நிண்டேன் நிஃப்லா" எண்டு எனக்குச் சொன்னா. பிறகு கோடாலியை ஓங்கிக்கொண்டு பாய்ஞ்சா. முதல் வெட்டு முதுகு மயிரில வழுக்கிப் போச்சுது. கரடி திரும்பி அவட தோளைக் கிழிச்சது. அடுத்த வெட்டு கரடிட மூக்கில இறங்கிச்சு. இரத்தம் ரெண்டு பேர்ட மூஞ்சியிலயும் தெறிச்சது. வெறி பிடிச்ச மாதிரி அடிச்சுக்கொண்டே இருந்தாவாம். கரடி அலறிக்கொண்டு பத்தைக்குள்ள பாய்ஞ்சது, ஆனா தூரப் போகல்ல. உறுமிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தது.

முக்காட்டைக் கழட்டி நானாட தலையைக் கட்டினா. தூக்கித் தன்ட நல்ல தோளில சாய்ச்சா. நானாட வாய், சாகிற நேரம் சொல்ற கலிமாவைச் சொல்லத் தொடங்கிச்சு. அப்பதான் மச்சிக்கு விளங்கிச்சு, மனிசன் நித்திரையாகினால் மௌத்து, சத்தம் நிண்டால் கரடி.

"கலிமா பிறகு சொல்லு" எண்டா. "நீ மௌத்தாகப் போறதில்ல. இப்ப நான் கேட்கிறதுக்கு மறுமொழி சொல்லு."

கலியாணம் முடிச்ச நாளில இருந்து நீங்க எண்டு சொன்ன வாய், நீ எண்டு தொடங்கிச்சு.

நான் அந்த நேரம் குளக்கட்டில விறகு கட்டிக்கொண்டு நிண்டேன். ஊரில ஓட்டோ ஓடுற றொமேஷ் பக்கத்தில வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். காட்டுக்குள்ள இருந்து ஒரு பொம்பளைட சத்தம் வந்தது. ஆரோ சண்டை பிடிக்கிறாங்க எண்டு நினைச்சோம். கிட்ட வரவரச் சொல்லுச் சொல்லாக் கேட்டது.

"பெரியவள் வயித்தில இருக்கக்குள்ள உதைச்சாய். ஓமா, இல்லையா?"

"ம்."

"உன்ட உம்மா மௌத்தான வீட்டில, சனத்துக்கு முன்னால அறைஞ்சாய்."

"ம்."

"பாயிஸ் என்ன சொன்னான் தெரியுமா? உன்ட வள்ளத்தில மீனை விட ஓட்டை கூட எண்டான். அதுக்குத்தான் சிரிச்சேன். அதுக்கா கயித்தால அடிச்சாய்?"

"ம்."

"ம் இல்ல. சத்தமாச் சொல்லு, கரடிக்குக் கேட்கட்டும்."

"ஓம்" எண்டார் என்ட நானா. அந்தக் குரலை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தோம். நானாட மூஞ்சியைப் பார்த்து ஆள் ஆரெண்டு சொல்ல ஏலாது. மச்சிட இடது பக்கம் முழுக்க இரத்தம், அவ எங்களைப் பார்க்கவுமில்ல, கதையை நிப்பாட்டவுமில்ல. ஓட்டோவில ஏத்தி, புத்தளம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவ கேட்டுக்கொண்டே வந்தா, அவர் மறுமொழி சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அழுகையும் வந்தது, நல்லாக் கேளுங்க மச்சி எண்டு சொல்லவும் வந்தது.

நானா தப்பிட்டார். ஒரு கண் இல்ல, வலது கை முழுசா நீளாது, முகம் தைச்ச சாக்கு மாதிரி. ஊர் சொன்னது, மனிசன் திருந்தியிருப்பான் எண்டு. ஊருக்கு என்ன தெரியும். மாரி மழைக்குள்ள ஒருநாள் மீன் ஆணத்தில உப்புக் கூடிப்போச்சு. நானா கதிரையை உதைச்சுத் தள்ளிக்கொண்டு எழும்பி, இடது கையை ஓங்கினார். நான் அவங்கட குசினியிலதான் நிண்டேன்.

மச்சி ஓடல்ல. முற்றத்துக்கு இறங்கி, மழையில நிண்டு, காட்டில கேட்ட அதே குரலில முதலாவதில இருந்து தொடங்கினா.

"பெரியவள் வயித்தில இருக்கக்குள்ள உதைச்சாய். ஓமா, இல்லையா?"

அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்தது. நானாட கை மேலயே நிண்டது. பெரியவளும் வாசலில வந்து நிண்டு, வாப்பாட வாயையே பார்த்தாள். கனநேரத்துக்குப் பிறகு கை இறங்கிச்சு. "ஓம்" எண்டு சொல்லிட்டுக் கதிரையை நிமித்தி வச்சார்.

இந்த வருசமும் பழத்துக்குப் போனோம். நானா முன்னுக்கு ஒத்தைக் கண்ணோட, நான் நடுவில, மச்சி கோடாலியோட பின்னுக்கு. இப்ப திரும்ப நீங்க எண்டுதான் கதைக்கிறா. அவ கதைக்கக் கதைக்க நானா "ம்" போட்டுக்கொண்டு நடப்பார். ஆத்துமணலில ஒருக்கா "ம்" வரல்ல. மச்சி நிண்டா. கோடாலிக் காம்பால பக்கத்துப் பாலைமரத்தில ஒரு தட்டுத் தட்டினா.

"ம்" எண்டார் நானா.