பூரட்டாதிக்காரனுக்கு அர்ச்சனை

எங்கள் வீட்டில் செத்தவர்களுக்கு ஒரு சுவர், இருப்பவர்களுக்கு ஒரு சுவர். பாரிஸின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் வாடகைக்கு இருந்த அந்தச் சின்ன வீட்டில் அதற்குமேல் சுவரும் கிடையாது. பெரியப்பாவும் மாமாவும் பிளாஸ்டிக் மாலையோடு சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அண்ணாவின் படம் எதிர்ச்சுவரில், தொலைக்காட்சிக்கு மேலே, பலசரக்குக் கடைக் கலண்டரோடு தொங்கியது.

அப்பா எங்களைப் பிரான்சுக்குக் கூப்பிட்டபோது அண்ணாவுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. குடும்ப விசாவில் அவனுக்கு இடமில்லை, வன்னியில் நின்றுவிட்டான். 2009 வைகாசியில் போர் முடிந்த பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கண்டவர்களும் இல்லை, புதைத்தவர்களும் இல்லை. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் பஜோல் தெருக் கோயிலுக்குப் போய் அவன் பெயரையும் பூரட்டாதி நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்வித்தார். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். அம்மாவுக்கு அது தெரியாததல்ல. அதற்காகவேதான் செய்வித்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. இல்லாத ஆளுக்கு எதற்கு அர்ச்சனை என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அந்தக் கிழமை முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. அப்பாவோ இந்தக் கதையை எடுத்தாலே எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார், உணவகத்தில் நாள் முழுக்கக் குசினியில் நின்று சமைத்தது போதாதென்று.

2014இல் பரிமாற்ற மாணவியாக ஓர் அரையாண்டு வெளிநாட்டில் படிக்க வாய்ப்பு வந்தது. எது ஆகத் தூரமோ அதைத்தான் கேட்டேன். நியூசிலாந்து கிடைத்தது. பாடங்களில் ஒன்று மாவோரிப் பண்பாடு. பாட்டும் கூத்துமாகப் போகும் என்று நம்பிப் பதிந்தேன். ஓடிப்போனவனுக்கு ஒன்பதாம் இடத்தில் ராஜா என்பார்கள். எனக்கு அங்கேயும் அட்டமத்துச் சனிதான்.

பாடத்துக்காக வகுப்பே போய் மராயே என்கிற அவர்களுடைய ஊர் மண்டபத்தில் ஓர் இரவு தங்க வேண்டும். மண்டபச் சுவர் முழுக்க அவர்களுடைய இறந்தவர்களின் படங்கள் இருக்குமாம். வருகிறவர்களும் தங்கள் இறந்தவர்களின் படங்களைக் கொண்டுவந்து அவற்றின் கீழே வைக்கலாம், ஊரார் எல்லோருக்கும் சேர்த்து அழுவார்கள் என்றார் விரிவுரையாளர். ஒன்று மட்டும் கூடாது. உயிரோடு இருப்பவரின் படத்தை அங்கே வைப்பது அவருக்கு ஆகாது. எங்கள் வீட்டுச் சட்டம் உலகத்தின் அடுத்த முனைக்கும் வந்து நின்றது. அண்ணாவின் படம் ஒன்று என் பணப்பையில் இருந்தது.

போவதற்கு முதல் நாள் மாலை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அனுமதி கேட்கத் துணிவில்லை. பாடத்தில் வந்த கதையாகத்தான் சொன்னேன். பாரிஸில் அப்போது காலை. கோப்பை கழுவும் சத்தம் நின்றது.

“தெரியாத ஆக்களுக்கும் அழுவினமோ?”

“ஓம் அம்மா.”

தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“அப்ப அங்கை வை, பிள்ளை. இஞ்சை என்னாலை ஏலாது.”

வைத்தேன். தலையில் பச்சை இலை சூடிய ஒரு பெண் வாசலில் நின்று நீட்டிக் குரல் எடுத்தாள். எங்களோடு வந்த இறந்தவர்களையும் சேர்த்துத்தான் அவள் கூப்பிடுகிறாள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். உள்ளே அவள் அண்ணாவின் படத்துக்கு முன்னால் குனிந்து, மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் நீர் வழிய, துடைக்காமல் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பொறாமை வந்தது. பெற்றவள் ஐந்து வருடமாக அடக்கி வைத்திருப்பதை முன்பின் தெரியாத ஒருத்தி கொட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோரையும் சாப்பிட அழைத்தார்கள். இரவு அந்தப் படங்களின் கீழேயே பாய் போட்டதுபோல மெத்தைகளை விரித்துப் படுத்தோம். காலையில் படத்தை எடுத்துப் பணப்பையில் வைத்தேன்.

அம்மா இரண்டு கேள்விதான் கேட்டார். அழுதவையோ? சாப்பாடு குடுத்தவையோ? இரண்டுக்கும் ஓம் என்றேன். சரி என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

பாரிஸுக்குத் திரும்பியபோது அண்ணா அதே கலண்டருக்குப் பக்கத்தில் இருந்தான். ஒன்றும் மாறவில்லை என்று எனக்குள் ஓர் ஆறுதல். அது எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். ஐயர் தட்டோடு குனிந்து காது கொடுத்தார். வழக்கத்தில் மூத்தவனின் பெயர்தான் முதலில் வரும். அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னார், என்னுடையதைச் சொன்னார், தன்னுடையதைச் சொல்லிக் கைகூப்பினார். மகன் விட்டுப்போச்சே என்று ஐயர் நினைவூட்டினார். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான்தான் சொன்னேன். அண்ணாவின் பெயரை, பூரட்டாதியை, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். இத்தனை காலம் அம்மா அதைச் சொல்லக்கூடாதென்று நின்ற நான், அவர் சொல்லாமல் விட்டதைத் தாங்க முடியாமல் சொன்னேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“விடு, பிள்ளை. அவனுக்கு அழுதாச்சு.”

ஐயர் எங்கள் மூன்று பேருக்கும் அர்ச்சனை செய்தார்.