மணி ஆடியதும் எழுந்த வேலைக்காரன்

அந்த வீடியோ இயந்திரம் சூடேறினால் கருகிய தூசி மணக்கும். நாடா சுற்றும்போது அதன் வயிற்றுக்குள் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். நொர்வேயில், புருசெத்தில் எங்கள் ஏழாம் மாடி வீட்டில், பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து சித்தப்பா துப்புரவு வேலை முடிந்து வரும்வரை, அதைத் தவிர வேறு சத்தம் இருக்காது. படத்துக்கும் சத்தமில்லை. ‘லொப்பமார்க்கெட்’ என்று இங்கே சொல்லும் பழைய சாமான் சந்தையில் சித்தப்பா அந்த இயந்திரத்தை வாங்கியபோது உள்ளே சிக்கியிருந்த கசெட் அது. பேச்சில்லாத காலத்துப் படம். மொழி தெரியாத எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு பணக்காரக் கிழவர் சாகிறார். சொத்தெல்லாம் கடல் கடந்து போன, ஒருவரும் முகம் பார்த்திராத, தங்கை மகனான மருமகனுக்கு. கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்ட வேலைக்காரன், தானே அந்த மருமகன் என்று வேடம் போடுகிறான். தொளதொளத்த கோட்டுக்குள் தலையணையைத் திணித்து, கண்ணாடி முன் நடை பழகி, ஏணியில் மோதி, மாவு மூட்டைக்குள் தலைகீழாக விழுகிறான். வேறு பிள்ளைகள் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். நான் பாடம் படிப்பதைப் போலப் பார்த்தேன்.

எனக்கும் அதே வேலைதான். சித்தப்பா தன் மகன் ரூபனை இங்கே எடுக்க எழுதிக்கொடுத்து, விசா வந்து சேர்ந்தபோது, ரூபன் காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். சித்தியும் என் அப்பாவும் அதற்கு முந்தியே இறந்துவிட்டார்கள். எனக்கும் அவனுக்கும் ஒன்பது வயது, முகமும் ஏறக்குறைய ஒன்று. சண்டை நெருங்கிய நாட்களில் வந்த விசாவை வீணாக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. “இனி நீ சேந்தன் இல்லை, ரூபன். நித்திரையிலும் மறக்கக்கூடாது” என்று சொல்லி அம்மா என்னை ஏற்றிவிட்டா.

“வெளியிலை அப்பா எண்டு கூப்பிடு. வீட்டுக்குள்ளை வேண்டாம்” என்பார் சித்தப்பா, என் முகத்தைப் பார்க்காமல். அம்மாவின் கடிதங்கள் ‘அன்புப் பெறாமகன் ரூபனுக்கு’ என்று தொடங்கும். கணவனின் தம்பி மகனை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். யாராவது பிரித்துப் படித்தாலும் பிசகக்கூடாதே. பெற்றவள் எழுதிய அந்த வரியை உள்பக்கமாக மடித்து வைப்பேன்.

படத்தின் கடைசியில், சட்டத்தரணிக்குப் பக்கத்தில் எசமான் மாதிரி உட்கார்ந்து, வேலைக்காரன் கையெழுத்துப் போடப் பேனாவை எடுப்பான். அப்போது சுவரில் வேலைக்காரரைக் கூப்பிடும் மணி ஆடும். பழக்கதோஷத்தில் துள்ளி எழுந்து தட்டை ஏந்திக்கொண்டு ஓடுவான்; பிடிபடுவான். அதை ஒருமுறைதான் பார்த்தேன். பிறகெல்லாம் மணி ஆடுமுன்பே நிறுத்தி, திருப்பிச் சுற்றிவிடுவேன்.

அந்தக் குளிர்காலத்தில் விசா புதுப்பிக்க ஒரு கந்தோருக்குப் போனோம். மேசைக்கு அந்தப்பக்கம் அலுவலர், இந்தப்பக்கம் மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்து அக்கா. திறந்திருந்த கதவுக்கு வெளியே ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிட்டா: “சேந்தன், இஞ்சை வா.”

நான் எழுந்து நின்றேன். “ஓமம்மா” என்றும் சொல்லிவிட்டேன்.

சித்தப்பாவின் கை முழங்காலில் அப்படியே நின்றது. என்னவாம் என்று அலுவலர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தா, சித்தப்பாவைப் பார்த்தா, பிறகு நொர்வேஜிய மொழியில் ஏதோ சொன்னா. அலுவலர் சிரித்துக்கொண்டு நடைக்கூடத்தைக் காட்டினார்.

“உனக்குக் கழிப்பறைக்குப் போகோணுமாம் எண்டு சொன்னனான். போட்டு வா, ரூபன்” என்றா அக்கா, பெயரை அழுத்தி.

போய், தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

 வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சித்தப்பா, “அவனும் இப்பிடித்தான், அவசரக்குடுக்கை” என்றார். சப்பாத்தை ஓரமாக வைத்துவிட்டு, “இனி வீட்டுக்குள்ளையும் அப்பா எண்டே கூப்பிடு” என்றார்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. வடக்கே மீன் ஆலை, கப்பல் சமையலறை, லில்லெஸ்ட்ரோமில் சரக்குக் கிடங்கு என்று ஓடித்திரிந்தேன். ஊரில் அம்மா அகதி முகாமில் இறந்தபோது வேலைத்தலத்தில் பெரியம்மா என்றுதான் சொன்னேன். ஒருநாள் லீவு தந்தார்கள்.

போன மாதம் சித்தப்பாவும் போனார். ஒரே வாரிசு, மகன் ரூபன் என்று, கையெழுத்துக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. வீட்டைத் துப்புரவாக்கியபோது அலுமாரியில் அந்தக் கசெட் கிடந்தது. போட்டுப் பார்க்க இயந்திரம் இல்லை. அப்படியொன்றை இப்போது யாரும் வைத்திருப்பதில்லை.

கடிதத்தை மேசையில் விரித்து, பேனாவை எடுத்தேன். சேந்தன் என்று யாராவது கூப்பிட்டால் இன்றைக்கும் எழுந்துவிடுவேன். அப்படிக் கூப்பிடத் தெரிந்த இரண்டு பேரும் இல்லை.

ரூபன் என்று கையெழுத்துப் போட்டேன்.