கீச்சான் கடை போட்ட முள்கம்பி

முள்கம்பி அக்கா கட்டிய வேலியைத் தாண்டக் காற்றுகூட அனுமதி கேட்டு நிற்கும். சரி, காற்று நிற்காது, ஆடு நிற்கும். அதையாவது நம்புங்கள்.

கம்பத்தைக் குழியில் இறக்கி, கம்பியை இழுத்துக் கட்டி, விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். 'ணங்' என்று கேட்டால்தான் அடுத்த கம்பத்துக்கு நகர்வாள். ஆடு வெளியே இருந்து முட்டும் என்பதால் கம்பியை வெளிப்பக்கமாக அடிப்பதே அவள் வழக்கம். தன் சொந்த அக்காள் புருஷனின் செடிப்பண்ணைக்கு வேலி போட்டபோது மட்டும் அது நடக்கவில்லை.

"வர்றவங்க செடி வாங்காம கம்பத்துல சாஞ்சு கதை பேசுறாங்க. பண்ணைக்குள்ள பாதையோரம் கம்பியை உள்பக்கமா அடிச்சு விடும்மா" என்றார் மாமா. அடித்தாள்.

அந்த முட்களைத்தான் கீச்சான் குருவி கண்டுபிடித்தது. உள்ளங்கை அளவு உடம்பு, கண்ணுக்குக் குறுக்கே திருடன் கட்டிய துணிபோல் ஒரு கறுப்புப் பட்டை, நுனி வளைந்த அலகு. பாடுகிற சாதிதான், அடுத்த பறவைகளின் குரலையெல்லாம் சேர்த்துப் பாடும். பாடி முடித்த வாயோடு பாய்ந்து ஓணானைத் தூக்கும். பருந்துக்கு இருக்கும் பிடிகால் இதற்கு இல்லை. அதனால் இரையை முள்ளில் குத்திவைத்துக் கிழித்துத் தின்னும். மிச்சத்தை அங்கேயே தொங்கவிடும். பண்ணை எலுமிச்சை மரத்தில் அது கட்டிய கூட்டில் குஞ்சுகள் வாய் பிளந்துகொண்டிருந்ததால் கடை களைகட்டியது: வெட்டுக்கிளி, ஓணான், வாலோடு ஒரு சுண்டெலி.

ரோஜாச் செடி வாங்க வந்த அம்மாள் சுண்டெலியை மூக்குக்கு நேரே பார்த்தாள். அலறிக்கொண்டு போனவள் போனவள்தான்.

மாமா குறடோடு வந்தார். "இது செடிக்கடையா, கறிக்கடையா? அத்தனை முள்ளையும் நறுக்கப் போறேன். அந்தக் கூட்டையும் கலைச்சாத்தான் இது ஒழியும்!"

அக்கா எலுமிச்சை மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். "குஞ்சு பறக்கட்டும் மாமா. அப்புறம் பேசலாம்."

"என் பண்ணை, என் வேலி!"

"பண்ணை உங்களுது. கம்பியை முடுக்குனது நான். கூட்டுல கை வெச்சீங்க, கட்டின கம்பியை அப்படியே சுருட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

"போயேன் பாக்கலாம்!"

மாமா கிளையைத் தொட்டார். கீச்சான் அவர் வழுக்கையில் ஒரு கொத்து வைத்தது. அக்கா சுத்தியலை எடுத்துக்கொண்டு தெற்குப் பக்கம் நடந்தாள். ஆணி ஆணியாகப் பிடுங்கினாள். தெற்கு வேலி முழுவதும் பாய்போல் சுருண்டது. வெளியே காத்திருந்த ஆட்டு மந்தை கல்யாண வீட்டுப் பந்திக்கு வருவதுபோல் வரிசையாக உள்ளே நுழைய, மாமா தலையைப் பிடித்துக்கொண்டு, "பறக்குற வரைக்கும் இருந்து தொலையட்டும்!" என்று கத்தினார்.

"எங்கே முழு வேலி?" என்று குறுக்கிட்டாள், நான் சொன்ன இந்தக் கதையையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமாவின் பெண்டாட்டி. "என் தங்கச்சி ஒரே ஒரு ஆணியைத்தான் பிடுங்கினா. ஒரு ஆடு எட்டிப் பாத்துச்சு. அதுக்கே இவரு குறடைக் கீழ போட்டுட்டாரு."