வெள்ளத்துக்கு அசையாத வாத்து

ஐம்பத்திரண்டு வயதில், தொப்பையும் கேமராவுமாக, ஓர் அணையின் மதகு மேடைக்கு இரும்பு ஏணியில் ஏறி நின்று, "யாராவது காப்பாத்துங்க" என்று அலறியவன் நான். கீழே தண்ணீர் கணுக்காலைக்கூடத் தொடவில்லை. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. பார்த்தவர்கள் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

காரணம், கோவையில் எங்கள் மாடிவீட்டுக்காரர். கேரள எல்லையைத் தாண்டி, பெருமாட்டிப் பக்கத்து அணையில் எடுத்த வரித்தலை வாத்துப் படம் ஒன்றை அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் போட்டார். இமயமலையைத் தாண்டி வருகிற பறவையாம். என் மனைவி அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அவருக்கும் உங்க வயசுதான்" என்றாள். அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன். ஜனவரிக் குளிர். நாலரைக்குக் கோவையில் பஸ், பொள்ளாச்சியில் மாறி, ஏழு மணிக்குப் பெருமாட்டி. அங்கிருந்து ஆட்டோ, காத்திருப்பு உட்பட அறுநூறு ரூபாய்.

ஆட்டோக்காரர் ஆறுச்சாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, வாத்துப் பாக்கவா இத்தன தூரம்? எங்க பக்கத்து ஊட்டுலயே முப்பது மேயுதுங்களே."

"இது வெளிநாட்டு வாத்துங்க."

"அப்படீங்களா. பாஸ்போர்ட்டு பாத்தாச்சுங்களா?"

வழியில் வெடித்துக் கிடந்த தன் வயலைக் காட்டினார். "கதிரு பால் புடிக்கிற நேரமுங்க. மேல இருந்து தண்ணி வருது வருதுன்னு சொல்லிட்டே இருக்கறாங்க. இந்த வாரமும் வரலீன்னா வைக்கோல்தான் மிச்சம்."

அணை பாதி வற்றியிருந்தது. வற்றினால்தான் சேறு தெரியும், சேறு தெரிந்தால்தான் பறவைகளுக்குச் சாப்பாடு. பனி இன்னும் கலையவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. மூழ்கிச் செத்த மரங்கள் மேல் செங்கால் நாரைகள் யாரோ வரைந்துவிட்டுப் போனதுபோல நின்றன. அதற்கப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம், தூக்கத்தில் பேசுகிற மாதிரி முனகிக்கொண்டு, மிதந்துகொண்டு. என் மூட்டுவலிகூட நினைவில் இல்லை. நானும் இங்கேதான் எங்கிருந்தோ வந்து இறங்கியிருக்கிறேன் என்று தோன்றியது.

"தண்ணி வந்தா இதெல்லாம் என்னாகும்?" என்று கிசுகிசுத்தேன்.

"வேற ஏரி பாத்துப் போயிருமுங்க."

ஆறுச்சாமியின் நெல்லுக்கு எதிராக மனசுக்குள் ஒரு சின்ன வேண்டுதல் வைத்தேன். ஒரே ஒரு மணி நேரம், சாமி.

சாமிக்கு வேறு வேலை இருந்தது. கரை மேலிருந்து மலையாளிக் காவலாளி ஒருவர் கையை ஆட்டிக் கத்தினார்: "வெள்ளம் வந்நு! வெள்ளம் வந்நு!"

நான் ஏணிக்கு ஓடினேன். ஆறுச்சாமி நேர் எதிராக, சேற்றை நோக்கி ஓடினார். மனுஷன் சாகப் போகிறான் என்றுதான் அலறினேன். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர் என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை. வாய்க்கால் வழியாக ஒரு பழுப்பு நாக்கு சேற்றை நக்கிக்கொண்டு மெதுவாக நகர்ந்து வந்தது, அவ்வளவுதான். அதற்கோ என் அலறலுக்கோ, மொத்தக் கூட்டமும் போர்வையை உதறியது போல எழுந்து பனிக்குள் கரைந்தது.

ஆறுச்சாமி வேட்டியை மடித்துக்கட்டி, அந்தத் தண்ணீரில் நின்றபடி போனில் கூவிக்கொண்டிருந்தார். "புள்ள, வந்துருச்சு புள்ள! மண்வெட்டிய எடுத்து வெய்யி!" பிறகு என்னை அண்ணாந்து பார்த்தார். "எறங்குங்க சார், முங்கிற மாட்டீங்க."

இறங்குமுன் பார்த்தேன். எல்லாம் போன பின்னும் ஒரே ஒரு வாத்து, எதிர்வெளிச்சத்தில், அசையாமல் நின்றது. இமயத்தையே பார்த்ததற்கு இந்தத் தண்ணீர் எம்மாத்திரம்! மேடையில் நின்றபடியே படம் எடுத்தேன். குழுவில் நாற்பது பேர் கைதட்டினார்கள். மனைவி அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள்.

போகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள், எட்டு மணிக்கு முன் போய்ச் சேருங்கள். அணையில் கடை இல்லை, பெருமாட்டியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். யாராவது வெள்ளம் என்றால் எங்கும் ஏற வேண்டாம். தண்ணீர் வந்துவிட்டால் வாத்தை விட்டுவிட்டு ஆட்டோக்காரருக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். ஆறுச்சாமியின் நெல் தப்பித்தது.

படத்தை அவருக்கும் அனுப்பினேன். நேற்றுதான் பதில் வந்தது: "நல்லாருக்குங்க. றெக்கையில நீலச்சாயம் தெரியுதுங்களா? பக்கத்து ஊட்டுக்காரர் அடையாளத்துக்கு அடிச்சதுங்க."