வரைபடத்தில் மட்டும் வளர்ந்த காடு

ஆற்று அலுவலகத்தின் வரைபடப் பிரிவுத் தலைவருக்கு முதுகெலும்பு என்று ஒன்று இருந்தது உண்மைதான். அது நாற்காலியில் சாய்ந்துகொள்ள மட்டும் பயன்பட்டது. மேல்மலைச் சரிவில் காட்டை மொட்டையடித்து விடுதிகள் கட்டிவிட்டார்கள். அவரோ வரைபடத்தில் அந்த இடத்துக்கு வருடா வருடம் பச்சை பூசிக்கொண்டிருந்தார். விடுதிகள் மேலதிகாரியின் சம்பந்தியுடையவை. போன கோடையில் மனைவியோடு அங்கே ஓசியில் தங்கிவிட்டும் வந்தார்.

காடு இருந்தால் சருகும் வேரும் மழையைக் குடித்து, ஆற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வெறும் களிமண் சரிவு மொத்தத்தையும் உருட்டிவிடும். கீழே பள்ளத்தாக்கு குறுகும் இடத்தில் வெள்ளம் எகிறும். இது தெரிந்ததற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் அந்தப் பச்சையைக் காட்டித்தான் ஆற்றங்கரையில் வீடு கட்ட அனுமதி வாங்கினார்கள்.

அங்கே வீடு வாங்கப் போன அவருடைய மச்சான், வெல்டிங் பட்டறைக்காரன், வந்து கேட்டான்: "அத்தான், ஆறு பக்கத்துலயே இருக்கே, பயமில்லையே?"

வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். சொன்னால், ஏன் என்று கேட்பான்.

"மேல காடு இருக்குடா. தண்ணி அன்னநடை போட்டுத்தான் வரும். கண்ணை மூடிட்டு வாங்கு."

மழை ஒரே ஒரு பிற்பகல்தான் பெய்தது. பொழுது சாய்வதற்குள் மச்சான் வாங்கிய வீட்டில் பாதியை ஆறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. பெண்டாட்டி பிள்ளைகளோடு கூரையேறித் தப்பியவன், சேறும் சகதியுமாக அக்கா வீட்டுக் கூடத்தில் வந்து நின்றான்.

"இயற்கையோட சீற்றம்டா. நம்ம கையில என்ன இருக்கு?" என்றார் அத்தான்.

தம்பியிடம் துண்டை நீட்டிக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள். "பச்சைப் பென்சில் இருந்துச்சே!"

வெள்ளச் சேதம் பற்றிய அரசு விசாரணை நாள் வந்தது. காலையில் மச்சான் கெஞ்சினான். "காடு இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தான். இல்லாட்டி மழை மேல பழியைப் போட்டுட்டு, எங்களை அதே கரையில திரும்பவும் குடிவைப்பாங்க."

"ரிட்டயர் ஆகப் போற நேரத்துலயாடா?" என்று அவர் குழைந்தார். ஆறு எந்தப் பக்கம் பாய்ந்தாலும் சரி, ஓய்வூதியம் தன் பக்கம் பாய வேண்டும் இப்படிப்பட்ட ஆட்களுக்கு.

அக்கா செருப்பை மாட்டினாள். "வாடா, நான் வரேன். அந்த மொட்டை மலையை நானும்தான் பார்த்தேன். மரம்னு சொல்ல விடுதிக் கதவுதான் இருந்துச்சு."

"அடியே, என் பேரை மட்டும் இழுத்துடாதே!"

"வெட்டினவன் பேரைச் சொல்லி முடிச்சதும் உங்க பேருதான்" என்று படியிறங்கினாள்.